இரண்டாவது ஏசி வாங்கும் முன்: வீட்டின் மின்பளுவை உயர்த்துவது பற்றி

ஏப்ரல், மே மாதங்களில் ஒரே தெருவில் நாலைந்து வீடுகளில் ஒரே மாதிரி தொல்லை தொடங்கும். இரவு பத்து மணிக்கு இரண்டாவது ஏசி ஓட ஆரம்பித்ததும் விளக்கு மங்குகிறது. அரை மணி கழித்து எம்சிபி (மின்னோட்டம் கூடினால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) விழுகிறது. தூக்கிவிட்டால் மறுபடி விழுகிறது. எலக்ட்ரீஷியன் வந்து "எம்சிபி சின்னது, பெரிசு போட்டுடலாம்" என்கிறார். போட்ட பிறகு விழுவதில்லை. பிரச்சினை தீர்ந்ததாக வீட்டார் நினைக்கிறார்கள். உண்மையில் அன்றுதான் சுவருக்குள் இருக்கும் ஒயர் பாதுகாப்பை இழக்கிறது.

தெருவிலிருந்து உங்கள் பிளக் வரை மின்சாரம் ஒரே வழியாக வருகிறது: டிரான்ஸ்ஃபார்மர், கம்பம், சர்வீஸ் ஒயர், மீட்டர், மெயின் சுவிட்ச், டிபி பாக்ஸ் (வீட்டின் சர்க்யூட்டுகள் பிரியும் பெட்டி), எம்சிபி, சுவருக்குள் ஒயர், சாக்கெட். இதில் ஓரிடத்தை மட்டும் பெரிதாக்கினால் அடுத்த பலவீனமான இடம் சூடாகும். மின்பளு (வீட்டுக் கருவிகள் இழுக்கும் மின்சார அளவு) உயர்த்துவது என்றால் இந்த வழி முழுவதையும் ஒருமுறை பார்ப்பது. தமிழ்நாட்டு வீடுகளை வைத்து அதை இங்கே விளக்குகிறோம்.

முதலில் கணக்கு

ஒவ்வொரு கருவியின் பின்புறத் தகட்டிலும் வாட் அளவு எழுதியிருக்கும். அதை வீட்டுக்கு வரும் வோல்டேஜான 230 ஆல் வகுத்தால் ஆம்பியர், அதாவது மின்னோட்டத்தின் அளவு, கிடைக்கும். 2000 வாட் கீசர் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் இழுக்கிறது. 1.5 டன் ஏசி முழு வேகத்தில் 1600 வாட் எடுத்தால் 7 ஆம்பியர். மோட்டாருக்கு மட்டும் இந்த வகுத்தல் சரிவராது. ஒரு குதிரைத்திறன் மோட்டார் 1100 வாட் எடுத்தாலும் பவர் ஃபேக்டர் (இழுக்கும் மின்னோட்டத்தில் உண்மையில் வேலைக்குப் பயன்படும் பங்கு) குறைவு என்பதால் 7 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். கிளம்பும் கணத்தில் அதைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். மோட்டார் போடும்போது விளக்கு ஒருமுறை துள்ளுவது இதனால்தான்.

இரண்டு படுக்கையறை வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். விளக்குகள் 120 வாட், ஐந்து ஃபேன் 375, ஃப்ரிட்ஜ் 200, டிவி 100, மிக்ஸி 750, கிரைண்டர் 150, வாஷிங் மெஷின் 400, அயர்ன் பாக்ஸ் 1000, மோட்டார் 1100, ஏசி 1600, கீசர் 2000. கூட்டினால் 7795 வாட். இதுதான் இணைக்கப்பட்ட பளு. எல்லாம் ஒரே நேரத்தில் ஓடுவதில்லை. காலை ஆறரைக்குக் கீசர், மோட்டார், மிக்ஸி, ஃப்ரிட்ஜ், நாலைந்து ஃபேன் என்று ஓடினால் சுமார் 4400 வாட். மோட்டார் கூடுதலாக இழுப்பதையும் சேர்த்தால் இருபது ஆம்பியருக்குச் சற்று மேல். அது பத்து நிமிடக் கூத்து. அதற்குள் ஒயர் பெரிதாகச் சூடேறாது.

இந்த வீட்டுக்கு இன்னொரு 1.5 டன் ஏசியும் 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பும் வருகின்றன. இணைக்கப்பட்ட பளு 11.4 கிலோவாட் ஆகிவிடுகிறது. ஆனால் நீங்கள் அஞ்ச வேண்டியது அந்த எண்ணை அல்ல. இரண்டு ஏசி, மூன்று ஃபேன், ஃப்ரிட்ஜ் சேர்ந்து இரவு முழுக்க இழுக்கும் 3600 வாட்தான் கவலைக்குரியது. ஆம்பியரில் 16 கூட இல்லை. காலைக் கணக்கைவிடக் குறைவு. ஆனால் விடிய விடிய ஓடுகிறது. இன்வெர்ட்டர் ஏசி அறை குளிர்ந்த பிறகு குறைவாக இழுக்கும் என்பது உண்மைதான். கோடை இரவில், மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறையில் அந்தக் குறைவு வர நேரமாகும்.

வெப்பம் ஆம்பியரின் வர்க்கத்துக்கேற்பக் கூடுகிறது. டெர்மினலில் (ஒயரைத் திருகிப் பிடிக்கும் முனையில்) தளர்ந்த ஓர் இணைப்பின் தடை 0.05 ஓம் என்று வையுங்கள். 16 ஆம்பியரில் அந்தப் புள்ளியில் 13 வாட் வெப்பம் உண்டாகும். 25 ஆம்பியரில் 31 வாட். விரல் நுனி அளவு இடத்தில் 31 வாட் பல மணி நேரம் எரிந்தால் பிளாஸ்டிக் பழுப்பாகும், பிறகு கருகும். கருகிய டெர்மினலின் தடை இன்னும் கூடும். தீ விபத்துகளில் ஷார்ட் சர்க்யூட் என்று எழுதப்படும் பலவற்றின் தொடக்கம் இந்தத் தளர்ந்த திருகுதான்.

எம்சிபி எதைக் காக்கிறது

எம்சிபி ஏசியைக் காப்பதில்லை. அதன் பின்னால் சுவருக்குள் ஓடும் ஒயரைக் காக்கிறது. ஆகவே எம்சிபியின் அளவைத் தீர்மானிப்பது ஒயரின் தடிமன், கருவி அல்ல.

குழாய்க்குள் செல்லும் பிவிசி தாமிர ஒயர் தாங்கும் அளவு, கம்பெனிக்குக் கம்பெனி சற்று மாறினாலும், சுமாராக இப்படி இருக்கும்: 1.5 சதுர மி.மீ. ஒயருக்கு 14 ஆம்பியர், 2.5க்கு 19 முதல் 20, 4க்கு 26, 6க்கு 33, 10க்கு 45. ஒரே குழாயில் நாலைந்து சர்க்யூட் நெருக்கியடித்துப் போனால் இதிலிருந்து குறையும். வெயிலில் காயும் மாடித் தளத்தில் குழாய் ஓடினாலும் குறையும். நம்மூர் மே மாதத்துக்கு இந்தக் கடைசிக் குறைப்பு முக்கியம். ஆம்பியர் கணக்குப்படி 1.5 டன் ஏசிக்கு 2.5 ஒயரே போதும். ஆனாலும் 4 போடுவது இதனால்தான்.

இப்போது அந்தப் 'பெரிய எம்சிபி' விஷயத்துக்கு வருவோம். 20 ஆம்பியர் எம்சிபி 20இல் விழாது. தரவிதிப்படி அது 1.13 மடங்கு, அதாவது 22.6 ஆம்பியரை ஒரு மணி நேரம் விழாமல் தாங்க வேண்டும். 1.45 மடங்கு, அதாவது 29 ஆம்பியரில் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும். இடைப்பட்ட அளவில் எப்போது விழும் என்பதற்கு உறுதி இல்லை. 2.5 ஒயருக்கு 20 ஆம்பியரே விளிம்பில் நிற்கும் ஏற்பாடு. 16 போடுவதுதான் நல்லது. அங்கே 32 ஆம்பியர் எம்சிபி மாட்டினால் 36 ஆம்பியர் ஓடினாலும் அது ஒரு மணி நேரம் சும்மா இருக்கலாம். பிவிசி உறை 70 டிகிரி வரைதான் தாங்கும். அந்த ஒரு மணி நேரத்தில் ஒயர் அதைத் தாண்டிவிடும். பழைய ஃபியூஸ் கட்டையில் கம்பியை இரட்டையாக முறுக்கிப் போடுவதும் இதே தவறுதான்.

எம்சிபி எப்படி விழுகிறது என்பதைக் கவனித்தாலே காரணம் பாதி தெரிந்துவிடும். போட்ட கணமே 'டப்'பென்று விழுந்தால் ஷார்ட், அல்லது மோட்டாரின் கிளம்பும் மின்னோட்டம். பி வகை எம்சிபி மூன்று முதல் ஐந்து மடங்கிலும், சி வகை ஐந்து முதல் பத்து மடங்கிலும் உடனே விழும். அதனால் மோட்டாருக்கும் ஏசிக்கும் சி வகை. இருபது நிமிடம், அரை மணி கழித்து விழுந்தால் அதிகப் பளு. பளு குறைவாக இருந்தும் நேரம் கழித்து விழுந்தால் எம்சிபியின் திருகு தளர்ந்து அங்கே சூடாகிறது என்று பொருள். இந்த மூன்றாவது வகைக்கு மின்பளுவை உயர்த்தத் தேவையே இல்லை. திருகை இறுக்கி, கருகிய நுனியை வெட்டி, எம்சிபியை மாற்றினால் போதும்.

குறை வீட்டிலா, தெருவிலா

விண்ணப்பம் போடும் முன் இந்தச் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். உரிமம் பெற்ற வயர்மேன் செய்ய வேண்டியது, உயிர் மின்சாரத்தில் அளப்பதால் நீங்களே செய்ய வேண்டாம். கீசரை நிறுத்தி மெயினிலும் குளியலறை சாக்கெட்டிலும் வோல்டேஜ் பார்க்க வேண்டும். பிறகு கீசரைப் போட்டு அதே இரண்டு இடங்களிலும் பார்க்க வேண்டும்.

மெயினிலேயே 230 இலிருந்து 222க்கு இறங்கினால், 8.7 ஆம்பியருக்கு 8 வோல்ட் இழப்பு. ஏறத்தாழ 0.9 ஓம் தடை வீட்டுக்கு வெளியே இருக்கிறது. கம்பத்து இணைப்பு, சர்வீஸ் ஒயர், அல்லது டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து நீளமாக ஓடிவரும் லைன். காற்றடிக்கும்போது விளக்கு துடித்தால் கம்பத்து இணைப்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இது ஈபி ஆபீஸில் புகார் கொடுத்துச் சரிசெய்வது.

மெயினில் 226 அசையாமல் நிற்க, சாக்கெட்டில் 214 காட்டினால் குறை வீட்டுக்குள். 2.5 ஒயர் 20 மீட்டர் தூரத்துக்குப் போய்வர, இந்த ஆம்பியரில் 2.6 வோல்ட்தான் இழக்க வேண்டும். மீதி ஒன்பது வோல்ட்டுக்கு மேல் எங்கோ ஓர் இணைப்பில் போகிறது. 9 வோல்ட்டை 8.7 ஆம்பியரால் பெருக்குங்கள். ஒரு பழைய குண்டு பல்பு அளவுக்கு, எண்பது வாட் வெப்பம், ஒரு சுவிட்ச் பெட்டிக்குள். புதிய மீட்டர் வந்தாலும் இது மாறாது. மேலும் பளு ஏற்றினால் அங்கேதான் எரியும்.

ஒருமுனையிலிருந்து மும்முனைக்கு

2004ஆம் ஆண்டு தமிழ்நாடு மின் விநியோக விதித்தொகுப்பு ஒருமுனை இணைப்புக்கு (மின்சாரம் வரும் கம்பியான ஃபேஸ் ஒன்று, திரும்பும் கம்பியான நியூட்ரல் ஒன்று) 4000 வாட் என்ற எல்லையை வைத்தது. அதற்கு மேல் மும்முனை, அதாவது மூன்று ஃபேஸும் ஒரு நியூட்ரலும். இப்போது உங்களுக்குப் பொருந்தும் எல்லையை மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்கு அனுமதிக்கப்பட்ட பளு எவ்வளவு என்பது மின் இணைப்பு விவரங்களிலேயே இருக்கும். இன்றைய மின்னணு மீட்டர்கள் உச்சப் பளுவையும் பதிவு செய்கின்றன. அதனால் அனுமதியை மீறி இழுப்பது யாருக்கும் தெரியாது என்று எண்ண வேண்டாம்.

மும்முனை பற்றிப் பரவியுள்ள இரண்டு எண்ணங்களை இங்கேயே விலக்கிவிடலாம். மும்முனை வந்தால் யூனிட் குறையாது. 1600 வாட் ஏசி எந்த ஃபேஸில் ஓடினாலும் 1600 வாட்தான். கருவிக்கு 400 வோல்ட் போவதும் இல்லை. ஒவ்வொரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே அதே 230தான். வீட்டுக் கருவிகள் எல்லாம் முன்போலவே ஒரு ஃபேஸ், ஒரு நியூட்ரலில் ஓடும். மாறுவது ஒன்றுதான்: சுமை மூன்று ஒயர்களில் பிரிகிறது. 10 கிலோவாட்டை ஒரே ஃபேஸில் எடுத்தால் 43 ஆம்பியர். மூன்றில் சமமாக எடுத்தால் ஒவ்வொன்றிலும் 14.5.

அந்த 'சமமாக' என்ற சொல்லில்தான் வேலையே இருக்கிறது. வாட்டைக் கூட்டிப் பிரித்தால் போதாது, நேரத்தைப் பார்த்துப் பிரிக்க வேண்டும். இரவில் சேர்ந்து ஓடும் இரண்டு ஏசியும் வேறு வேறு ஃபேஸில் இருக்க வேண்டும். காலையில் சேர்ந்து ஓடும் கீசரும் மோட்டாரும் இண்டக்‌ஷன் அடுப்பும் வேறு வேறு ஃபேஸில். நம் எடுத்துக்காட்டு வீட்டில் முதல் ஃபேஸில் ஒரு ஏசி, இண்டக்‌ஷன் அடுப்பு. இரண்டாவதில் இன்னொரு ஏசி, கீசர். மூன்றாவதில் மோட்டார், வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ், அயர்ன் பாக்ஸ். விளக்கும் ஃபேனும் அறைவாரியாக மூன்றிலும் பிரியலாம். ஒரு ஃபேஸ் போனாலும் வீடு முழுக்க இருளாகாது. ஆனால் ஒரே சுவிட்ச் போர்டுக்குள் இரண்டு ஃபேஸ் வரக் கூடாது. பக்கத்துப் பக்கத்து சுவிட்சுகளுக்கு இடையே 400 வோல்ட் நிற்கும். பழுது பார்க்க வருபவர் 230 என்று நினைத்துக் கை வைப்பார்.

நியூட்ரல்: மும்முனை வீட்டின் உயிர்நாடி

மூன்று ஃபேஸிலும் பளு சமமாக இருந்தால் நியூட்ரலில் ஏறத்தாழ மின்னோட்டமே இராது. அதைக் கேட்டுவிட்டு நியூட்ரலுக்கு மெல்லிய ஒயர் போடுபவர்கள் உண்டு. செய்யவே கூடாது. வீட்டுப் பளு எப்போதும் சமமாக இருப்பதில்லை. எல்இடி, கம்ப்யூட்டர், இன்வெர்ட்டர் ஏசி போன்றவை உண்டாக்கும் மூன்றாம் ஹார்மோனிக் மின்னோட்டம் (இயல்பைவிட மூன்று மடங்கு வேகத்தில் துடிப்பது) நியூட்ரலில் ஒன்றையொன்று கழிப்பதற்குப் பதிலாகக் கூடவும் செய்கிறது. நியூட்ரல் ஃபேஸ் ஒயரின் அதே தடிமனில் இருக்க வேண்டும்.

நியூட்ரல் அறுந்தால் என்ன ஆகும்? முதல் ஃபேஸில் 2000 வாட் கீசர், இரண்டாவதில் 100 வாட் டிவி மட்டும் ஓடுவதாக வையுங்கள். நியூட்ரல் போனதும் இரண்டும் தொடராகி 400 வோல்ட்டுக்கு நடுவில் நிற்கும். கீசரின் தடை 26 ஓம், டிவியின் தடை 529 ஓம் என்று கொள்ளலாம். 400 வோல்ட்டில் 381 டிவியின் மேல் விழும். குறைந்த வாட் கருவிதான் எரியும். டிவி, ரூட்டர், செட்டாப் பாக்ஸ், எல்இடி விளக்குகள் எல்லாம் சில நொடிகளில் போய்விடும். எம்சிபி விழாது, ஏனென்றால் ஆம்பியர் கூடவே இல்லை.

அதனால் மெயின் சுவிட்ச் நான்கு 'போல்' (நான்கு கம்பிகளையும் சேர்த்துத் துண்டிப்பது) உள்ளதாக இருக்க வேண்டும், நியூட்ரலும் ஃபேஸ்களோடு சேர்ந்தே துண்டிக்கப்பட வேண்டும். நியூட்ரல் வழியில் தனி ஃபியூஸ் எங்கும் வரக் கூடாது. மெயினுக்குப் பின் ஓவர்வோல்டேஜ் ரிலே (வோல்டேஜ் எகிறினால் துண்டிப்பது) ஒன்று வைத்தால் எரியப்போகும் ஒரு டிவியின் விலையைவிடக் குறைவாகத்தான் ஆகும். வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் ஒன்றைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்: ஓர் அறையில் விளக்கு திடீரென்று அதிகப் பிரகாசமாகவும் இன்னோர் அறையில் மங்கலாகவும் தெரிந்தால், எதையும் ஆராயாமல் மெயினை இறக்கிவிட்டு ஈபிக்குத் தகவல் சொல்ல வேண்டும்.

நம் ஊரில் மும்முனை வாங்கும் பல வீடுகள் அதை வாங்குவதே ஃபேஸ் செலக்டருக்காக, அதாவது ஃபேஸை மாற்றும் சுவிட்சுக்காக. ஒரு ஃபேஸ் போனால் திருப்பி இன்னொன்றில் வீடு முழுவதையும் ஓட்டலாம். வசதிதான். ஆனால் திருப்பியதும் மூன்று ஃபேஸின் சுமையும் ஒரே ஒயரில் இறங்குகிறது. 14.5 ஆம்பியருக்குக் கணக்குப் போட்ட வழியில் 43 ஓடப் பார்க்கும். தெருவில் எல்லா வீடுகளும் ஒரே நேரத்தில் அப்படித் திருப்பினால் எஞ்சிய ஃபேஸும் சாய்ந்துவிடும். 100 கேவிஏ திறனுள்ள டிரான்ஸ்ஃபார்மர் ஒரு ஃபேஸுக்குச் சுமார் 140 ஆம்பியர்தான் தரும். செலக்டர் வைப்பதானால் விளக்கு, ஃபேன், ஃப்ரிட்ஜ் சர்க்யூட்டுகளுக்கு மட்டும் வையுங்கள். ஏசி, கீசர், அடுப்பு அதில் சேர வேண்டாம். முந்தைய ஃபேஸை முழுக்க விட்ட பிறகே அடுத்ததைத் தொடும் வகை சுழல் சுவிட்சாக அது இருக்க வேண்டும். தனித்தனி ஃபியூஸ் கட்டைகளை மாற்றிச் செருகும் பழைய முறையில் கை தவறினால் இரண்டு ஃபேஸ் நேராக மோதும்.

எர்த்தும் ஆர்சிசிபியும்

எர்த் குழி இருக்கிறதே, ஷாக் அடிக்காது என்று நம்புவதில் ஒரு கணக்குப் பிழை இருக்கிறது. நல்ல குழியின் தடை 5 ஓம் என்று வையுங்கள். கீசரின் உடலில் ஃபேஸ் பட்டால் 230ஐ 5 ஆல் வகுக்க, 46 ஆம்பியர் ஓடும். 16 ஆம்பியர் சி வகை எம்சிபி உடனே விழ 80 ஆம்பியராவது வேண்டும். ஆகவே அது மெதுவாக, பல நொடிகள் கழித்துத்தான் விழும். கோடையில் காய்ந்து குழியின் தடை 20 ஓம் ஆகிவிட்டால் ஓடுவது 11.5 ஆம்பியர். எம்சிபி விழவே விழாது. கீசர் உடல் உயிரோடு நிற்கும்.

30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கும் ஆர்சிசிபி இதனால்தான் தேவை. தமிழ்நாட்டில் மின் இணைப்புகளுக்கு இது கட்டாயம். விதி இல்லாவிட்டாலும் போட வேண்டியதே. ஆர்சிசிபி அதிகப் பளுவைக் காக்காது. அதன் மேல் எழுதியிருக்கும் 40 அல்லது 63 ஆம்பியர், அது தாங்கும் அளவு மட்டுமே. எம்சிபி தனியாக வேண்டும்.

மும்முனை வீட்டுக்கு ஒரே நான்கு போல் ஆர்சிசிபி வைப்பதைவிட, ஃபேஸுக்கு ஒன்றாக மூன்று இரண்டு போல் ஆர்சிசிபி வைப்பதையே பரிந்துரைக்கிறோம். கீசரில் கசிவு வந்தால் ஃப்ரிட்ஜ் நிற்காது, எந்தப் பக்கம் குறை என்பதும் உடனே தெரியும். இதற்கென்றே 'பெர் ஃபேஸ் ஐசொலேஷன்' என்ற வகை டிபி பாக்ஸ் கடைகளில் கிடைக்கிறது.

பழைய வீடுகளில் இங்கேதான் சிக்கல் வரும். முன்பு ஒரே ஃபேஸ் என்பதால், அறைக்கு அறை நியூட்ரலை இஷ்டத்துக்கு இணைத்திருப்பார்கள். மூன்று ஆர்சிசிபி வந்த பிறகு, ஒன்றின் வழியாகப் போன மின்சாரம் இன்னொன்றின் நியூட்ரலில் திரும்பினால் இரண்டுமே கசிவு என்று நினைத்து விழும். ஹோம் யுபிஎஸ் ஒயரிங்கிலும் இதே கலப்பு உண்டு. யுபிஎஸ்ஸில் ஓடும் விளக்கு, ஃபேன்களின் நியூட்ரல், யுபிஎஸ்ஸுக்கு மின்சாரம் தரும் அதே ஆர்சிசிபியின் நியூட்ரல் பட்டையிலிருந்துதான் வர வேண்டும். ஒவ்வொரு ஆர்சிசிபிக்கும் தனி நியூட்ரல் பட்டை, கலந்த இடங்களைத் தேடிப் பிரிப்பது, இந்த இரண்டும் செய்தால் பிரச்சினை முடியும். அலைய வைக்கும் வேலைதான். அதற்குச் சோம்பி "இது சும்மா சும்மா விழுது" என்று ஆர்சிசிபியைக் கழற்றி நேராக இணைத்துத் தந்தால் ஏற்காதீர்கள்.

பத்து கிலோவாட் வீட்டுக்கு என்னென்ன

மீட்டரிலிருந்து டிபி பாக்ஸுக்கு மூன்று ஃபேஸ், ஒரு நியூட்ரல் என நான்கு தாமிர ஒயர்கள். 6 சதுர மி.மீ. போதும். பின்னால் கார் சார்ஜர் வரலாம் என்றால் இப்போதே 10 போடுங்கள், சுவரை இன்னொரு முறை உடைப்பதைவிட அது மலிவு. 6 ஒயருக்கு 32, 10 ஒயருக்கு 40 ஆம்பியர் நான்கு போல் எம்சிபி மெயினாக. சர்ஜ் அரெஸ்டர் (திடீர் வோல்டேஜ் எழுச்சியைத் தரைக்கு அனுப்புவது) இரண்டாம் வகையில் ஒன்று. மூன்று ஆர்சிசிபி. விளக்கு சர்க்யூட்டுக்கு 1.5 ஒயரும் 6 அல்லது 10 ஆம்பியர் எம்சிபியும், கீசருக்கும் சமையலறை சாக்கெட்டுக்கும் 2.5 ஒயரும் 16 ஆம்பியரும், ஏசிக்கு 4 ஒயரும் 20 ஆம்பியரும். ஏசி, கீசர், இண்டக்‌ஷன் அடுப்பு ஒவ்வொன்றுக்கும் டிபியிலிருந்து தனி ஒயர் வர வேண்டும். எர்த் ஒயர் அந்தந்த ஃபேஸ் ஒயரின் தடிமனிலேயே ஓடட்டும். எர்த்துக்கு இரண்டு தனிக் குழிகள். குழாய் எர்த் என்றால் 40 மி.மீ. விட்டமுள்ள ஜிஐ குழாய் 2.5 மீட்டர் நீளம்.

சர்வீஸ் ஒயர் பெரும்பாலும் அலுமினியம், வீட்டு ஒயர் தாமிரம். இரண்டையும் நேராக முறுக்கி டேப் சுற்றினால் ஈரக் காற்றில் அலுமினியம் அரிக்கும். கடலோர ஊர்களில் இது வெகு விரைவில் நடக்கும். பைமெட்டல் லக் (ஒருபுறம் அலுமினியம், மறுபுறம் தாமிரமான இணைப்பு முனை) போட்டு, கிரிம்பிங் கருவியால் அழுத்தித்தான் இணைக்க வேண்டும்.

விண்ணப்பமும் வரிசையும்

மீட்டர் வரையுள்ளது மின்வாரியத்தின் பொறுப்பு. மீட்டரிலோ அதற்கு முந்தைய ஃபியூஸிலோ உள்ள சீலை நீங்களோ உங்கள் எலக்ட்ரீஷியனோ தொடக் கூடாது. மீட்டருக்குப் பின்னுள்ளது உங்கள் பொறுப்பு. அதை மாநில மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் சான்று பெற்றவரே செய்ய வேண்டும்.

உள்வேலை முதலில், விண்ணப்பம் அடுத்து. டிபி பாக்ஸை மும்முனைக்கு ஏற்றதாக வைத்து, இப்போதைக்கு மூன்று ஃபேஸ் முனைகளையும் ஒருமுனையிலேயே இணைத்து ஓட்டலாம். மீட்டர் மாறும் நாளில் இருட்டில் இருக்க வேண்டியதில்லை. அந்தத் தற்காலிக இணைப்புத் துண்டை எடுக்க மட்டும் மறக்கக் கூடாது. மூன்று ஃபேஸும் வந்த பிறகு அது இருந்தால் பெரிய ஷார்ட்.

கூடுதல் மின்பளுவுக்கான விண்ணப்பத்தைத் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகத்தின் இணையதளத்தில் மின் இணைப்பு எண்ணை வைத்துப் பதியலாம். வீட்டு உரிமைச் சான்றும், உரிமம் பெற்றவர் தரும் ஒயரிங் நிறைவுச் சான்றும் கையில் இருக்கட்டும். நிலுவை இருந்தால் முதலில் கட்டிவிடுங்கள். பதிவுக் கட்டணம், வளர்ச்சிக் கட்டணம், கூடுதல் காப்புத்தொகை என்று தொகை பல தலைப்புகளில் வரும். கூடும் கிலோவாட்டைப் பொறுத்து அது மாறும். பிரிவு அலுவலகத்திலிருந்து வந்து பார்ப்பவரிடம் உங்கள் வீட்டுக் கம்பத்தில் மூன்று ஃபேஸும் ஓடுகின்றனவா என்று கேளுங்கள். சில தெருமுனைகளில் ஒரு ஃபேஸும் நியூட்ரலும் மட்டுமே வந்திருக்கும். அங்கே லைன் நீட்டிப்பு தேவைப்படும், காலமும் செலவும் கூடும்.

மின்சாரக் கார் வாங்க எண்ணமிருந்தால் அதை இந்த விண்ணப்பத்துக்கு முன்பே முடிவு செய்யுங்கள். 16 ஆம்பியர் சாக்கெட்டில் ஏறும் 3.3 கிலோவாட் சார்ஜரும் 14 ஆம்பியருக்கு மேல் மணிக்கணக்கில் இழுக்கும். சாதாரண சாக்கெட்டுகள் அதில் பழுப்பேறிவிடும். 7.2 கிலோவாட் சார்ஜர் ஒரே ஃபேஸில் 31 ஆம்பியர் எடுக்கும். 10 கிலோவாட் மும்முனை வீட்டில் ஒரு ஃபேஸின் பங்கே 14.5தான். மொத்தக் கணக்கில் இடமிருப்பதாகத் தெரிந்தாலும் அந்த ஃபேஸில் இடம் இல்லை. கார் ஏற்றுக்கொண்டால், மூன்று ஃபேஸிலும் 16 ஆம்பியராக எடுக்கும் 11 கிலோவாட் சார்ஜர் சமநிலையைக் கெடுக்காது. ஆனால் அதற்கு 10 கிலோவாட் அனுமதியே போதாது. மத்திய அரசின் மின் நுகர்வோர் உரிமை விதிகளில் 2024இல் வந்த திருத்தப்படி, வாகன சார்ஜிங்குக்குத் தனி இணைப்பே கேட்கலாம். சார்ஜர் சர்க்யூட்டில் ஆர்சிசிபி குறைந்தது 'ஏ' வகையாக இருக்க வேண்டும், 'ஏசி' (மாறுமின்னோட்டம்) என்று குறியிட்ட சாதாரண வகை போதாது.

மீட்டர் மாறிய அன்று வயர்மேன் போகும் முன் சில சோதனைகள். இன்சுலேஷனை 500 வோல்ட் மெக்கரில் (ஒயர் உறையின் தடையை அளக்கும் கருவி) பார்த்தால் ஒரு மெகா ஓமுக்குக் குறையக் கூடாது. கருவிகளையும் எல்இடி விளக்குகளையும் கழற்றிவிட்டு, மெயினை இறக்கிவிட்டுப் பார்க்க வேண்டியது இது. பிறகு மின்சாரம் கொடுத்து ஒவ்வொரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230, ஃபேஸ்களுக்கு இடையே 400 சுமார் வருகிறதா என்று பாருங்கள். மும்முனை மோட்டார் வீட்டில் இருந்தால் சுழலும் திசையையும் பார்க்க வேண்டும். தலைகீழாகச் சுற்றினால் தண்ணீர் சரியாக ஏறாது. எந்த இரண்டு ஃபேஸை மாற்றினாலும் திசை சரியாகும். மூன்று ஆர்சிசிபியின் சோதனைப் பொத்தானையும் அழுத்திப் பாருங்கள். எல்லா ஏசியும் கீசரும் ஓடவிட்டு, கிளாம்ப் மீட்டரில் (ஒயரைச் சுற்றிப் பிடித்து ஆம்பியரை அளப்பது) மூன்று ஃபேஸையும் நியூட்ரலையும் அளந்து அந்த நான்கு எண்களை டிபி மூடியின் உட்புறம் எழுதி ஒட்டுங்கள். எந்த எம்சிபி எந்த அறைக்கு என்பதையும் அங்கேயே எழுதலாம்.

ஒரு மாதம் கழித்து, மெயினை இறக்கிவிட்டு, மீட்டருக்குப் பின்னுள்ள எல்லாத் திருகுகளையும் மறுபடி இறுக்க வேண்டும். புதுத் தாமிரம் சூடாகி ஆறும்போது டெர்மினலுக்குள் சற்றுத் தளரும். முதலில் நியூட்ரல் பட்டையிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.